ஒரு ரைஸ் குக்கர், ஐந்து நாள் சைவச் சாப்பாடு

பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் படிக்கும் சைவ மாணவர்களுக்கு மதிய வேளைதான் பெரிய சோதனை. காலையில் ரொட்டியும் மைலோவும் போதும். இரவில் நிதானமாக வெளியே சென்று சாப்பிடலாம். ஆனால், 12 மணிக்கு ஒரு விரிவுரை முடிந்து 1 மணிக்கு அடுத்த வகுப்பு தொடங்கும் நாளில், வளாகத்தின் ஒரே சைவக் கடையில் வரிசை பிடிக்கவே நேரம் சரியாகிவிடும். மற்றக் கடைகளில் கங்கோங் கீரையில் பெலாச்சான் சேர்த்திருக்கிறார்களா, காய்கறியில் சிப்பி சாஸ் ஊற்றியிருக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். விடுமுறைக் காலத்தில் அந்த ஒரு கடையும் மூடியிருக்கும்.

என்னுடன் படிக்கும் இருவர் முதலாண்டிலேயே சைவத்தை விட்டுவிட்டார்கள். அவர்களின் எண்ணம் மாறவில்லை. பசி தாங்க முடியவில்லை. எதைச் சாப்பிடுவது என்பது அவரவர் விருப்பம். ஆனால், அந்த முடிவை ஒரு கடையின் வரிசை எடுக்கக்கூடாது என்று எனக்குத் தோன்றியது.

எங்கள் விடுதியில் அறைக்குள் சமைக்க அனுமதி இல்லை. மாடிக்கு ஒரு பொதுச் சமையலறை உண்டு. அங்கே குளிர்பதனப் பெட்டி, மைக்ரோவேவ், கெட்டில் ஆகியவை இருக்கும்; அடுப்பு கிடையாது. சொந்த ரைஸ் குக்கரை அங்கு பயன்படுத்திக்கொள்ளலாம். இவற்றை வைத்தே இந்த ஆண்டு என் மதியச் சாப்பாட்டைச் சமாளித்து வருகிறேன்.

தண்ணீரே கடிகாரம்

சாதாரண ரைஸ் குக்கரில் நேரத்தைக் குறிக்கவும் முடியாது, சூட்டைக் கூட்டிக் குறைக்கவும் முடியாது. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை பாத்திரத்தின் சூடு 100 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கும். அரிசி தண்ணீரை உறிஞ்சி முடித்ததும் அடிப்பாகத்தின் சூடு அதற்கு மேல் ஏறும். உடனே விசை தானாக எழும்பிவிடும். ஆகவே, எவ்வளவு நேரம் வேக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது நாம் ஊற்றும் தண்ணீர்தான்.

இது புரிந்துவிட்டால் மற்றவை எளிது. சோறு வேகும் நேரத்தில் வேகக்கூடியவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். துவரம்பருப்பு குழைய நெடுநேரம் பிடிக்கும். தோல் நீக்கி உடைத்த மைசூர்ப் பருப்பு, ஊறவைக்காமலே ஏறத்தாழ 20 நிமிடங்களில் குழைந்துவிடும். கொண்டைக்கடலை வேண்டுமென்றால், வேகவைத்து டின்னில் அடைத்ததை வாங்கிக் கழுவிச் சேர்க்கலாம்.

என் வாரப் பட்டியல்

திங்கள், பருப்புச் சாதம்: அரைக் கப் அரிசி, கால் கப் மைசூர்ப் பருப்பு, ஒரு தக்காளி, சிறிதாக நறுக்கிய கேரட், மஞ்சள்தூள், ஒரு தேக்கரண்டி சாம்பார்ப் பொடி, உப்பு, இரண்டரைக் கப் தண்ணீர். பருப்பு நுரைத்துப் பொங்கும் என்பதால் சில துளி எண்ணெய் விடுங்கள். பாத்திரத்தைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். விசை எழும்பியதும் ஒரு கைப்பிடி கீரையைப் போட்டு ஐந்து நிமிடம் மூடி வைத்தால், அது ஆவியிலேயே வெந்துவிடும்.

செவ்வாய், தேங்காய்ப்பால் சோறு: அரைக் கப் அரிசிக்குக் கால் கப் தேங்காய்ப்பால், அரைக் கப் தண்ணீர், ஒரு பாண்டான் இலை, உப்பு. மேலே ஆவித்தட்டில் மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு தடவிய தெம்பே துண்டுகளை அடுக்குங்கள். சோறும் தெம்பேயும் ஒன்றாகத் தயாராகும். 100 கிராம் தெம்பேயில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் இருக்கிறது.

புதன், புளிச்சோறு: வார இறுதியில் வீட்டுக்குப் போகும்போது அம்மா ஒரு போத்தல் புளிக்காய்ச்சல் கொடுத்தனுப்புவார். அடுப்பில்லாத இடத்தில் தாளிப்புக்கு இதுதான் வழி. வெறும் சோற்றில் இரண்டு கரண்டி கலந்து, வறுத்த வேர்க்கடலையும் வெள்ளரிக்காயும் சேர்த்தால் போதும்.

வியாழன், பீஹூன்: இதற்குக் கெட்டில் மட்டும் போதும். மெல்லிய பீஹூனை மூடியுள்ள பாத்திரத்தில் போட்டுக் கொதிநீர் ஊற்றி, மென்மையானதும் வடித்துவிடுங்கள். துருவிய கேரட், நறுக்கிய தவ்குவா, சோயா சாஸ், நல்லெண்ணெய், எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கிளறுங்கள். தவ்குவாவை முதலில் மைக்ரோவேவில் ஒரு நிமிடம் சூடாக்கிக்கொள்ளலாம்.

வெள்ளி, தயிர் அவல்: கெட்டி அவலைக் கழுவிப் பத்து நிமிடம் ஊறவைத்து, தயிர், உப்பு, துருவிய இஞ்சி, மாதுளை முத்துகள் கலந்தால் முடிந்தது. இதற்கு மின்சாரமே தேவையில்லை. தொட்டுக்கொள்ள ஊறுகாய் இருந்தால் சிறப்பு.

மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது, நேரம். விருந்துகளில் கேட்டரிங் உணவோடு நேரம் குறித்த முத்திரை வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கவனம் நம் டப்பாவுக்கும் வேண்டும். சோற்றில் இருக்கக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்துகள் சமைத்த பிறகும் பிழைத்திருக்கும். சோறு வெளியே கிடந்தால் அவை பெருகி நச்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. நான் காலை 8 மணிக்குச் சமைத்து 12 மணிக்குள் சாப்பிட்டுவிடுவேன். அது முடியாத நாளில் முந்தைய இரவே சமைத்து, உடனே குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டு, மறுநாள் ஆவி பறக்கச் சூடாக்கிக்கொள்வேன். தயிர் அவலைச் சாப்பிடும் நேரத்தில்தான் கலப்பேன்.

இரண்டாவது, இரும்புச்சத்து. பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஈர்த்துக்கொள்வதில்லை. எலுமிச்சை, தக்காளி போன்றவற்றில் இருக்கும் வைட்டமின் சி அதற்கு உதவும். தேநீர் அதைத் தடுக்கும். சாப்பாட்டோடு தே-ஓ குடிக்கும் பழக்கம் இருந்தால், அதை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள்.

மூன்றாவது, உப்பு. நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பல உடனடி நூடல்ஸ் வகைகளில் ஒரு பாக்கெட்டிலேயே அதில் பாதிக்கு மேல் இருக்கும். அவசரத்துக்கு அதைச் சாப்பிட நேர்ந்தால், மசாலாத் தூளில் பாதியை மட்டும் சேர்த்து, டின் கொண்டைக்கடலையும் கீரையும் போட்டுக்கொள்ளுங்கள்.

பகிர்ந்து உண்ண

பொதுச் சமையலறையில் சமைப்பதில் எதிர்பாராத ஒரு நன்மையும் கிடைத்தது. எங்கள் மாடியில் இருக்கும் சீனத் தோழி, சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் சைவம் மட்டுமே சாப்பிடுவார். அந்த நாள்களில் வெங்காயம், பூண்டு சேர்க்காமல் இருவருக்குமாகப் பருப்புச் சாதம் வைப்பேன். அவர் பீஹூனுக்கு வறுத்த எள் கொண்டுவருவார்.

விடுதிக்கு விடுதி விதிமுறைகள் மாறும். குக்கர் வாங்குவதற்கு முன் உங்கள் விடுதி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி கிடைத்தால் முதல் வாரம் ஐந்து நாளும் சமைக்க முயல வேண்டாம். வகுப்புகள் நெருக்கமாக இருக்கும் இரண்டு நாள்களை மட்டும் தேர்ந்தெடுத்துத் தொடங்குங்கள். காய் நறுக்கவும் அரிசி களையவும் பத்து நிமிடம் ஆகும். அது வேகும் நேரத்தில் குளித்துவிட்டு வந்துவிடலாம்.