கடலுக்கு வழி விடும் வீடு

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணியளவில் சுமாத்திராவுக்கு அருகே நிலம் அதிர்ந்தது. இரண்டு மணி நேரமளவில் கடல் நம் வாசலுக்கு வந்துவிட்டது. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கரையோரமே சிதைந்தது. இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் நமது அம்பாறைதான்.

பின்னர் இம்மாவட்ட முகாம்களில் நடந்த ஓர் ஆய்வு, ஆண்களைப் போல் சுமார் இரு மடங்கு பெண்கள் இறந்ததைக் காட்டியது. அலை வந்தபோது வீட்டுக்குள் இருந்தவர்களுக்கே ஆபத்து அதிகம் என்றும் அது கூறியது.

நம் பகுதியில் வீடு என்பது மகளுக்குக் கொடுப்பது. அதற்காக வாப்பாமார் உழைக்கிறார்கள், உம்மாமார் சிறுகச் சிறுகச் சேர்க்கிறார்கள். அப்படி வீடு கட்டும் ஒரு தாய் அண்மையில் என்னிடம் கேட்டார்: "சுவரைத் தடிப்பாக் கட்டினா கடல் என்ன செய்யும் மகள்?"

இதே கேள்விக்குக் கணனி மூலம் பதில் தேடியவர்கள் உண்டு. 2005இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தையும் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்தவர்கள் இலங்கைக்கென ஒரு வீட்டை வடிவமைத்தனர். அலையைக் கொண்டுவந்து வீட்டைச் சோதிக்க முடியாதல்லவா? அதனால் பொறியியலாளர்கள் வீட்டைக் கணனியில் வரைந்து, நீரின் விசையைக் கணக்கிட்டு அதன்மீது செலுத்துகிறார்கள். எந்தச் சுவர் முதலில் உடைகிறது என்று பார்த்துத் திருத்துகிறார்கள். ஒரு கல் வைக்கும் முன்னரே வீடு பல தடவை இடிந்து எழும்புகிறது.

நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும். கடலைப் பார்த்து நிற்கும் அகன்ற சுவர் அதை முழுவதும் ஏற்கிறது. அது சரிந்தால் கூரையும் கூட வரும். எனவே அவர்கள் நான்கு பக்கமும் அடைத்த பெட்டி போல் கட்டவில்லை. 'ப' வடிவில் நான்கு உறுதியான சுவர்த் துண்டுகளை நிறுத்தி, இடையில் மூங்கில் போன்ற இலகுவான மறைப்புகளை வைத்தனர். அலை மறைப்பைத் தள்ளிக்கொண்டு போகும். சுவரும் கூரையும் நிற்கும். வழமையான வீட்டைவிட இது ஐந்து மடங்கு உறுதியானது என்று கணிக்கப்பட்டது. முதல் வீடு பலப்பிட்டியவில் எழும்பியது.

இந்தத் தாயிடம் இதைச் சொன்னேன். "தட்டியை நம்பி குமர்ப்பிள்ளையோட எப்படிப் படுக்கிற?" என்றார். நியாயமான கேள்வி. கணனி நீரின் விசையைக் கணக்கிடும். நம் வீட்டுப் பெண்ணின் பயத்தை நாம்தான் சொல்லவேண்டும். மூங்கிலுக்குப் பதில் பலகைக் கதவுகள் வைக்கலாமா என்று பொறியியலாளரிடம் கேட்கலாம்.

சகோதரிகளே, வீட்டு வரைபடம் ஆண்களின் விடயம் என்று ஒதுங்காதீர்கள். கடல் பக்கச் சுவர் எவ்வளவு அகலம்? நீர் வந்தால் எதனால் வெளியேறும்? தூணும் அத்திவாரமும் கம்பியால் பிணைக்கப்பட்டுள்ளனவா? மேசனிடம் கேளுங்கள்.

எந்த வீடானாலும் எச்சரிக்கை வந்தால் உள்ளே இருக்காதீர்கள். உறுதியான வீடு, நாம் உயிரோடு திரும்பி வருவதற்காகத்தான்.