பட்டியலில் பெயர் இல்லை!

"என் மகன் ஹாக்கித் தேர்வுக்குப் போய் வந்தான். பட்டியலில் பெயர் இல்லை. ஏன் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. மட்டையைத் தூக்கிப் பரணில் போட்டு விட்டான். பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவும் இல்லை. எதைப் பார்த்து எடுக்கிறார்கள், எதைப் பார்த்துக் கழிக்கிறார்கள் என்று உங்கள் பத்திரிகையில் எழுதக் கூடாதா?"

மீமிசலிலிருந்து வந்த கடிதம் இது. எழுதியவர் அங்கே உப்பளத்தில் கணக்குப் பார்க்கிறவர். எங்கள் ஆசிரியர் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். பிறகு என் மேஜை மேல் வைத்து, "கிரிக்கெட்டைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நீர் இந்தப் பையனைப் பார்த்து விட்டு வாரும்" என்றார்.

மீமிசல் புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோரக் கோடியில் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் உப்புக் காற்று நம்மை விசாரிக்க வந்து விடுகிறது. ஒரு பக்கம் பாத்தி பாத்தியாக உப்பளம், இன்னொரு பக்கம் இறால் பண்ணை, ஊருக்குள் கல்யாணராமர் கோயில். சாயங்காலமானால் பையன்கள் வாலிபால் ஆடுகிறார்கள், கபடி ஆடுகிறார்கள். ஹாக்கி இந்தக் கரைக்கு எப்படி வந்தது?

அதற்குக் காரணம் ஒரு டிரில் மாஸ்டர். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். மாற்றலாகி வந்தபோது பெட்டி படுக்கையோடு ஆறு ஹாக்கி மட்டைகளையும் கட்டிக் கொண்டு வந்தாராம். கோவில்பட்டி என்றால் நமக்குத் தீப்பெட்டியும் கடலை மிட்டாயும்தான் ஞாபகம் வரும். ஆட்டக்காரர்கள் அந்த ஊரை 'ஹாக்கிப்பட்டி' என்றுதான் செல்லமாகச் சொல்கிறார்கள். அங்கே பிறந்தவன் சும்மா இருப்பானா? உப்பளத்து ஓரம் கெட்டித் தரையாக ஓர் இடம் பார்த்து, நாலு செங்கல்லை நட்டு, கோல் என்று பெயர் வைத்து விட்டார்.

பையனுக்குப் பன்னிரண்டு வயது. நான் போனபோது திண்ணையில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான், பேசவில்லை. தகப்பனார்தான் பேசினார்.

"இவன் ஓடினா எங்க ஊர்ல யாரும் பிடிக்க முடியாது, ஸார். கடக்கரைப் பையன்னு ஒதுக்கிட்டாங்களோ?"

டிரில் மாஸ்டர் குறுக்கிட்டார். "அப்படிச் சொல்லாதீங்கண்ணே. அன்னிக்கு நடந்ததை நான் பார்த்தேனே!"

அன்றைக்கு நடந்தது இதுதான். இருட்டோடு எழுந்து, அறந்தாங்கி போய், அங்கிருந்து பஸ் மாறிப் போயிருக்கிறார்கள். மைதானம் கொள்ளாத கூட்டம். பையனின் முதுகில் ஒரு நம்பரைக் கட்டி, 'லெஃப்ட் அவுட்' இடத்தில் நிறுத்தினார்கள். வேகமாக ஓடுகிறவன் என்பதால் அந்த இடம். தரையோ செயற்கைப் புல்தரை. அவன் அதை வாழ்நாளில் அன்றுதான் மிதிக்கிறான். தண்ணீர் தெளித்த தரையில் பந்து வழுக்கிக் கொண்டு அவன் மட்டையைத் தாண்டித் தாண்டிப் போயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று, விசில் அடித்தாயிற்று, அடுத்த கோஷ்டியைக் கூப்பிட்டார்கள்.

இந்தப் பத்து நிமிஷத்தில் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. இரண்டையும் அந்தத் தகப்பனாருக்கு விளக்கிச் சொன்னேன். வாசகர்களுக்கும் சொல்லி விடுகிறேன்.

முதலாவது, தரை. 1976-இல் மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாகச் செயற்கைத் தரையில் ஹாக்கி ஆடினார்கள். அதுவரை பத்து ஒலிம்பிக்குகளில் ஏழு முறை தங்கம் வாங்கியிருந்த இந்தியா, அந்த வருஷம் ஏழாவது இடத்துக்குப் போயிற்று. மண்ணிலே கற்ற வித்தையைக் கம்பளத்தில் காட்டுவது மகா வீரர்களுக்கே சிரமமாக இருந்தது என்றால், உப்பளத்துப் பையன் என்ன செய்வான்? ஒரு நாள் முன்னதாக அழைத்துப் போய் அந்தத் தரையில் அரை மணி ஓட விட்டிருந்தாலே போதும், பாதிப் பதற்றம் குறைந்திருக்கும்.

இரண்டாவது, அந்த இடம். ஹாக்கியில் ஒரு வேடிக்கை உண்டு. மட்டைக்குத் தட்டையான பக்கம் ஒன்றுதான். அந்தப் பக்கத்தால்தான் ஆட வேண்டும். இடது கைக்காரனுக்கென்று தனி மட்டையும் கிடையாது. ஆகவே வலது ஓரத்தில் ஓடுகிறவன் பந்தை நடுவுக்கு அனுப்புவது சுலபம்; ஓடுகிற ஓட்டத்திலேயே அடித்து விடலாம். இடது ஓரத்தில் ஓடுகிறவனோ காலைத் திருப்பி, உடம்பைத் திருப்பி, பந்தைச் சுற்றி வந்து அடிக்க வேண்டும். வேகம் மட்டும் இருந்தால் பந்து கோட்டுக்கு வெளியேதான் போகும். புதுப் பையனை 'லெஃப்ட் அவுட்'டில் நிறுத்துவது, நீச்சல் தெரிந்தவனா என்று பார்க்க நடுக்கடலில் இறக்கி விடுவது மாதிரி.

ஆள் எடுப்பது பெரிய காரியம் இல்லை. எடுத்த ஆளை எந்த இடத்தில் நிறுத்துவது என்பதுதான் பெரிய காரியம். சர்வதேசப் பந்தயங்களுக்கு வழக்கமாகப் பதினெட்டுப் பேர் கொண்ட கோஷ்டி போகிறது. ஒலிம்பிக் என்றால் பதினாறுதான். களத்தில் பதினொரு பேர். அந்தக் காலத்தில் ஐந்து பேர் முன்வரிசை, மூன்று 'ஹாஃப்', இரண்டு 'பேக்', ஒரு கோல் கீப்பர் என்று கணக்கு சுத்தமாக இருந்தது. இப்போது ஆட்டத்துக்கு ஆட்டம் அமைப்பு மாறுகிறது. ஆட்களையும் இஷ்டப்படி மாற்றிக் கொள்ளலாம். ஆகையால் 'எந்த இடத்தில் ஆடுவான்?' என்ற கேள்வியோடு, 'இன்னும் எந்த இடத்தில் ஆடுவான்?' என்ற கேள்வியும் சேர்ந்து கொண்டது.

அனுபவசாலிகளான தேர்வாளர்கள் பந்தை வைத்திருக்கிறவனை மட்டும் பார்ப்பதில்லை. பந்து கையை விட்டுப் போனதும் பையன் என்ன செய்கிறான்? இடுப்பில் கை வைத்து நிற்கிறானா, திரும்பி ஓடி வருகிறானா? பந்து வருமுன் தலையைத் திருப்பி யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கிறானா? வரிசையில் நிறுத்திக் கூம்புகளைச் சுற்றிப் பந்தைக் கொண்டு போகச் சொன்னால் இதெல்லாம் தெரியாது. ஐந்து பேருக்கு ஐந்து பேர் என்று சின்னக் களத்தில் ஆட விட்டு, இடத்தை மாற்றி மாற்றி நிறுத்தினால் தெரியும். அதற்கு நேரம் வேண்டும். கூட்டம் அதிகம், நேரம் குறைவு என்றால் உயரமானவன், பலசாலி, ஏற்கெனவே பழகினவன், இவர்கள்தான் கண்ணில் படுவார்கள்.

"தம்பி எந்த மாசம் பிறந்தான்?" என்று கேட்டேன்.

"மார்கழி, ஸார். டிசம்பர் இருபத்தேழு."

நான் எதிர்பார்த்ததுதான். வயதுப் பிரிவை ஜனவரி முதல் தேதியிலிருந்து கணக்கிடுகிறார்கள். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பர் கடைசியில் பிறந்தவனும் காகிதத்தில் ஒரே வயது. நிஜத்தில் ஒரு வருஷ வித்தியாசம். பன்னிரண்டு வயதில் ஒரு வருஷம் என்பது நாலு விரற்கடை உயரம்! கனடாவில் ராஜர் பார்ன்ஸ்லி என்ற மனோதத்துவப் பேராசிரியரும் அவர் கூட்டாளிகளும் பனி ஹாக்கி ஆட்டக்காரர்களின் பிறந்த மாதங்களை ஆராய்ந்து 1985-இல் வெளியிட்டார்கள். பொறுக்கி எடுக்கப்பட்டவர்களில் வருஷத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே மிகுதி என்று கண்டார்கள். ஜோசியம் இல்லை இது. பெரிய உடம்பைத் திறமை என்று எண்ணி விடுகிற கண்ணின் பிழை. தேர்வாளர் கையில் உள்ள காகிதத்தில் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த மாதத்தையும் பெரிதாக எழுதி வைக்கலாம் என்பது என் அபிப்பிராயம். காலணாச் செலவில்லை.

முதல் பார்வையில் தவறுவது இன்று நேற்று வந்த வழக்கம் அல்ல. ஹரியானாவில் ஷாஹாபாத் என்ற ஊரில் ஒரு வண்டிக்காரரின் மகள் ஹாக்கி கற்க வந்தாள். மிகவும் மெலிந்திருக்கிறாள், தாங்க மாட்டாள் என்று பயிற்சியாளர் முதலில் மறுத்து விட்டார். அந்தப் பெண் உடைந்த மட்டையோடு ஓரமாகப் பழகி, மறுபடி மறுபடி வந்து நின்றாள். பயிற்சிக்கு அரை லிட்டர் பால் கொண்டு வர வேண்டும் என்பது ஏற்பாடு. வீட்டில் அவ்வளவு பாலுக்கு வழி இல்லை. தண்ணீர் கலந்து கொண்டு போனதாகப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். அவர்தான் ராணி ராம்பால். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியப் பெண்கள் கோஷ்டி நாலாவது இடத்துக்கு வந்தபோது தலைவி அவரே. மறுத்த அதே பயிற்சியாளர்தான் பிறகு அவரை உருவாக்கினார் என்பதையும் சொல்ல வேண்டும். மனத்தை மாற்றிக் கொள்ளத் தெரிந்தவரே நல்ல தேர்வாளர்.

பெர்லினில் 1936-இல் நடந்ததும் அதுதான். ஒலிம்பிக்குக்கு முன் ஒத்திகை ஆட்டத்தில் ஜெர்மானியர் நம்மவர்களை 4-1 என்று தோற்கடித்து விட்டார்கள். தியான் சந்தும் மற்றவர்களும் கூடிப் பேசினார்கள். கோஷ்டியில் குறை இருக்கிறது என்று ஒப்புக் கொண்டு, தாரா என்ற ஆட்டக்காரரை இந்தியாவிலிருந்து அவசரமாக வரவழைத்தார்கள். இறுதிப் பந்தயத்தில் அதே ஜெர்மனியை இந்தியா 8-1 என்று வென்றது. பட்டியல் என்பது கல்வெட்டு அல்ல.

இவ்வளவையும் கேட்ட பையன் முதல் தடவையாக வாயைத் திறந்தான். "நம்ம பக்கத்துல யாராச்சும் போயிருக்காங்களா, ஸார்?"

இருக்கிறார்களே! அரியலூர் என்றால் சிமெண்டு ஞாபகம் வரும், ஹாக்கி வருமா? அந்த அரியலூர்ப் பிள்ளை கார்த்தி செல்வம், கோவில்பட்டி விளையாட்டு மையத்தில் பயின்றவர். 2022 மே மாதம் ஜாகர்த்தாவில் ஆசியக் கோப்பைப் போட்டி. இந்தியாவுக்காக அவர் ஆடிய முதல் ஆட்டமே பாகிஸ்தானுடன். அதிலேயே கோல் போட்டார். அவரோடு அந்தக் கோஷ்டியில் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும் இருந்தார். 1980-இல் மாஸ்கோவில் கடைசியாகத் தங்கம் வாங்கிய இந்தியக் கோஷ்டிக்குத் தலைவரே நம் வாசுதேவன் பாஸ்கரன்தான்.

டிரில் மாஸ்டர் வழியையும் விவரமாகச் சொன்னார். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளுக்குப் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். முதலில் மாவட்டத் தேர்வு, பிறகு மாநிலத் தேர்வு. ஒரு வருஷம் தவறினால் அடுத்த வகுப்புக்கு வரலாம். "ஆனா அண்ணே, அடுத்த தடவை இவனை வேற இடத்துல ஆட விடணும். செங்கல் கோல்ல இவன் எப்படி நிப்பான்னு நான் பார்த்திருக்கேன். பந்துக்குப் பயமே கிடையாது."

"கோல் கீப்பரா?" என்றார் தகப்பனார். குரலில் ஏமாற்றம். ஓடத் தெரிந்த பிள்ளையை நிற்க வைப்பதா என்று நினைத்தார் போலும்.

ஸ்ரீஜேஷின் கதையைச் சொன்னேன். கேரளத்தில் எர்ணாகுளம் பக்கத்துக் கிராமத்துப் பையன். முதலில் ஓட்டக்காரன்; பிறகு நீளம் தாண்டினான்; வாலிபால் ஆடினான். பன்னிரண்டு வயதில் திருவனந்தபுரத்தில் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்தான். அங்கேதான் பயிற்சியாளர், 'கோலில் நின்று பாரேன்' என்றார். கோல் கீப்பருக்குக் காலில் கவசம், மார்பில் கவசம், தலையில் கவசம் எல்லாம் வேண்டுமே! தகப்பனார் பசுவை விற்று வாங்கிக் கொடுத்தாராம். டோக்கியோவிலும், 2024-இல் பாரிஸிலும் இந்தியா வெண்கலம் வாங்கியபோது கோலைக் காத்து நின்றவர் அந்த ஸ்ரீஜேஷ்தான்.

கதை முடிவதற்குள் பையனைக் காணோம். உள்ளே ஏணி இழுபடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தலையெல்லாம் ஒட்டடையோடு மட்டையை எடுத்துக் கொண்டு வந்து நின்றான்.

தகப்பனார் அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அந்தக் கவசமெல்லாம் என்ன வெலை ஆகும், ஸார்? எங்க வீட்டுல பசு கெடையாது. ரெண்டு ஆடுதான் நிக்குது."