மண்வெட்டி பிடிக்கவா படிக்க வைத்தோம்?

தோட்டக்கலை படிக்கிறேன் என்று சொல்லும் பிள்ளையிடம் நம் சேரிகளில் எழும் கேள்வி இது. அடுத்தவர் தோப்பில் குழி தோண்டி, கவாத்து செய்து, விடியுமுன் மல்லிகை பறித்துக் கூலி வாங்கிய தலைமுறைகளின் வலி அதில் இருக்கிறது.

நமக்கு வேலை தெரியும். ஆனால் எந்த ரகம் நடுவது, யாருக்கு மானியம் என்று முடிவாகும் இடத்தில் நாம் இல்லை. சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் உண்டு. அதை ஊருக்குக் கொண்டுவரும் தோட்டக்கலை அலுவலர் சேரிக்கும் வருகிறாரா? அந்தப் பணிக்கான டிஎன்பிஎஸ்சி தேர்வை எழுதத் தகுதி தருவது இந்தப் பட்டம்தான்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் பெரியகுளம் உள்ளிட்ட கல்லூரிகளில் 4 ஆண்டு இளநிலைப் படிப்பு இது. நீட் தேவையில்லை, பிளஸ் டூ அறிவியல் பிரிவு மதிப்பெண் போதும். பட்டியல் சாதியினருக்கு 18 சதவீத இடம். அதில் அருந்ததியருக்கு 3 சதவீதம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை.

இன்னொரு காரணமும் உண்டு. 1892-ல் திரமென்ஹீர் அறிக்கையை ஒட்டிக் கிடைத்த பஞ்சமி நிலங்களில் பெரும்பகுதி கைமாறிவிட்டது. மீட்கப் போராடுகிறோம். மீட்ட நிலமும் தரிசாகக் கிடந்தால் குத்தகை, அடமானம் என்று மறுபடி போய்விடும். அதில் கொய்யாவும் முருங்கையும் காய்க்க வைக்கப் படித்த பிள்ளைகள் வேண்டும்.

பிளஸ் டூ முடிவு வந்ததும் இந்தப் படிப்புக்கும் விண்ணப்பியுங்கள். இனி மண்வெட்டி பிடித்தாலும் நம் நிலத்தில் பிடிப்போம்.