முனைவர் பட்ட மாணவர்களுக்கான பணித்திறன் பயிற்சி (ஐக்கிய இராச்சியம்)

முனைவர் பட்ட ஆய்வுக் காலத்திலேயே, ஆய்வுக்கு வெளியிலும் பயன்படும் திறன்களை மாணவர்களுக்குக் கற்பிப்பது பணித்திறன் பயிற்சி எனப்படுகிறது. துறை சாராதவருக்கும் விளங்கும்படி பேசுதல், திட்ட மேலாண்மை, குழுவாக வேலை செய்தல், நேர்காணலுக்கு ஆயத்தமாதல் போன்றவை இதில் அடங்கும்.

ஐக்கிய இராச்சியத்தில் இப்பயிற்சி பரவுவதற்கு, 2002-இல் சர் கரெத் ராபர்ட்ஸ் அரசுக்கு அளித்த அறிக்கை முக்கியக் காரணம். முனைவர் பட்டப் படிப்பு மாணவர்களைப் பணிவாழ்வுக்குப் போதிய அளவு ஆயத்தப்படுத்தவில்லை என்று கூறிய அவ்வறிக்கை, ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு வாரப் பயிற்சியைப் பரிந்துரைத்தது. அதற்கென ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி பவுண்ட் 2011 வரை தனியாக ஒதுக்கப்பட்டது. பின்னர் அத்தொகை பொது நிதியுடன் சேர்க்கப்பட்டது.

தேவை உண்மையானதே. அறிவியலில் முனைவர் பட்டம் பெறுவோரில் 53 விழுக்காட்டினர் பட்டம் முடிந்ததும் அறிவியல் துறைக்கு வெளியே வேலைக்குச் செல்வதாகவும், பேராசிரியராவோர் 0.45 விழுக்காட்டினரே என்றும் அரச கழகம் 2010-இல் வெளியிட்ட அறிக்கை காட்டியது. ஆயினும் சேரும்போது பலரின் மனத்தில் இருப்பது பேராசிரியர் பணிதான்.

எதிர்பார்ப்பு எல்லோருக்கும் ஒன்றல்ல. முதலாண்டு மாணவர் தேடுவது புள்ளியியல், மென்பொருள், ஆய்வேடு எழுதும் முறை ஆகியவற்றை. அப்போது தலைமைப் பண்பு பற்றிய பயிலரங்கு அவருக்கு வெறும் சடங்காகவே தோன்றும். இறுதியாண்டில் அவரே தன்விவரக் குறிப்பு எழுத உதவி கேட்டு வருவார். அதற்குள் ஆய்வேட்டுக் கெடு நெருங்கிவிடும். பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஆய்வுக்கு வருபவருக்கு நேர மேலாண்மை வகுப்பு எரிச்சலூட்டும். அயல்நாட்டு மாணவருக்கோ கல்விசார் ஆங்கிலமே முதல் தேவை.

இதில் பெரிய தடை நெறியாளரின் மனப்பான்மை. ஆண்டுக்குப் பத்து வேலைநாட்கள் என்றால், நான்காண்டு உதவித்தொகைக் காலத்தில் நாற்பது நாட்கள் ஆய்வகத்தை விட்டு விலகியிருக்க வேண்டும். இதைச் சில நெறியாளர்கள் இழப்பாகவே கருதுகின்றனர். பட்டம் வழங்கும்போது மதிப்பிடப்படுவதும் ஆய்வேடும் வாய்மொழித் தேர்வுமே. எனவே பயிற்சியைத் தள்ளிப்போடும் மாணவரைக் குறைசொல்ல முடியாது.

வகுப்பறைப் பயிற்சியைவிட உண்மையான பணியிட அனுபவத்தை விரும்புவோருக்கு வேறு வழியும் உண்டு. உயிரியல் ஆய்வு மன்றத்தின் நிதி பெறும் பல பயிற்சித் திட்டங்களில், மாணவர் தம் ஆய்வுக்குத் தொடர்பில்லாத ஒரு பணியிடத்தில் மூன்று மாதம் வேலை செய்ய வேண்டும். இது பாடத்திட்டத்தின் பகுதி என்பதால், நெறியாளரிடம் தனியே அனுமதிக்காகக் காத்திருக்கும் நிலை பெரிதும் குறைகிறது.