ஏமாற்றப்பட்ட குடியேறிகளுக்குச் சட்டம் தரும் பரிகாரம்

குடியேற்ற மோசடி என்றவுடன், போலிப் பாஸ்போர்ட்டுடன் எல்லை கடப்பவரே நினைவுக்கு வருகிறார். ஆனால், உண்மையான பாஸ்போர்ட்டும் முறையான விசாவும் பெற்றுச் சென்றபின், தமக்குச் சொல்லப்பட்டது வேறு, விசாவில் உள்ளது வேறு என அறிய நேர்பவரும் உண்டு. மோசடியில் அவருக்குப் பங்கில்லை. அவரே அதற்கு இரையானவர். இத்தகையோருக்குச் சட்டம் எந்த அளவுக்குத் துணை நிற்கும் என்பதை, அமெரிக்காவில் இந்தியத் தொழிலாளர் தொடுத்த ஒரு வழக்கு தெளிவாகக் காட்டுகிறது.

2005 ஆகஸ்டில் காத்ரீனா சூறாவளி மெக்ஸிகோ வளைகுடாக் கரையைச் சிதைத்தது. கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளைப் பழுதுபார்க்க ஆட்கள் தேவைப்பட்டனர். சிக்னல் இன்டர்நேஷனல் என்னும் நிறுவனத்துக்காக வெல்டர்களும் குழாய் பொருத்துவோருமாகச் சுமார் 500 இந்தியர் திரட்டப்பட்டனர். நிரந்தரமாகத் தங்குவதற்குரிய கிரீன் கார்டு கிடைக்கும், குடும்பத்தையும் அழைத்துக்கொள்ளலாம் என்று அவர்களுக்கு உறுதி கூறப்பட்டது. அதை நம்பி ஒவ்வொருவரும் 10,000 டாலர் முதல் 20,000 டாலர் வரை செலுத்தினர். நிலத்தை விற்றும் வட்டிக்கு வாங்கியும் சேர்த்த பணம் அது.

கையில் கிடைத்ததோ எச்-2பி விசா. குறுகிய காலத்துக்கே உரியதான இந்த விசா, குறிப்பிட்ட ஒரு முதலாளியிடம் மட்டுமே வேலை செய்ய இடமளிப்பது. அக்கால விதிப்படி, அவரை விட்டு நீங்கினால் தங்கும் உரிமையும் நீங்கிவிட்டது. மிஸிஸிப்பியிலும் டெக்ஸாஸிலும் இருந்த முகாம்களில் ஓர் அறையில் 24 பேர் வரை தங்கவைக்கப்பட்டனர். இதற்கெனச் சம்பளத்தில் மாதம் சுமார் 1,050 டாலர் பிடிக்கப்பட்டது. குறைகளை எடுத்துக் கூறி மற்றவர்களைத் திரட்டிய சிலரை 2007 மார்ச்சில் தாயகத்துக்குத் திருப்பியனுப்ப முயற்சி நடந்தது. மறு ஆண்டு மார்ச்சில் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியேறி, வழக்குத் தொடுத்தனர்.

யாரும் அவர்களைச் சங்கிலியால் கட்டி வைக்கவில்லை. அப்படியிருக்க, கட்டாய உழைப்பு என்று கூற முடியுமா? உடல்வழி வன்முறையோ சட்டவழி மிரட்டலோ இருந்தாலன்றிக் கட்டாயம் ஆகாது. மனநெருக்கடி மட்டும் போதாது என்பது அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988-இல் கொண்ட கருத்து. 2000-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட, ஆட்கடத்தலுக்கு இரையானோர் பாதுகாப்புச் சட்டம் இந்தக் குறுகிய பொருளை விரிவாக்கியது. பொருளாதார இழப்பு, நற்பெயர்க் கேடு ஆகியவற்றைக் காட்டி அச்சுறுத்துவதும் கட்டாயமே என்பது 2008-இல் செய்யப்பட்ட திருத்தத்தில் வெளிப்படையாகவே கூறப்பட்டது. ஊரில் தலைக்கு மேல் கடன் நிற்க, "விசாவை முடித்து அனுப்பிவிடுவோம்" என்ற ஒரு சொல் போதும், பூட்டு வேண்டியதில்லை.

2000-ஆம் ஆண்டுச் சட்டமே 'டி' விசா என்னும் பரிகாரத்தையும் தந்தது. இதைப் பெறுபவர் நான்கு ஆண்டுகள் வரை தங்கி வேலை செய்யலாம். மனைவி மக்களையும் வரவழைக்கலாம். மூன்று ஆண்டுகளுக்குப் பின் நிரந்தர உரிமை கோரலாம். புலனாய்வுக்கு நியாயமான அளவில் ஒத்துழைப்பதும், திருப்பியனுப்பினால் கடுந்துன்பம் நேரும் என்று காட்டுவதும் முக்கிய நிபந்தனைகள். ஆண்டுக்கு 5,000 விசாக்கள் என்பது உச்சவரம்பு. இதனுடன் பிறந்த 'யூ' விசாவுக்குரிய குற்றங்களின் பட்டியலில், அயல்நாட்டு வேலை ஒப்பந்த மோசடியும் 2013-இல் சேர்க்கப்பட்டது. அஞ்சி ஒளிந்துகொள்பவருக்கு இவ்விரண்டும் கிட்டா. தாமே அதிகாரிகள் முன் செல்ல வேண்டும். விசா இழந்த ஒருவருக்கு அதுதான் மிகவும் கடினம்.

சிக்னல் வழக்கை எல்லாத் தொழிலாளர்க்கும் பொதுவான ஒரே வழக்காக நடத்த நீதிமன்றம் 2012-இல் மறுத்துவிட்டது. வழக்குகள் பலவாகப் பிரிந்தன. முதல் ஐவருக்குச் சுமார் 1.4 கோடி டாலர் வழங்க நியூ ஆர்லியன்ஸ் ஜூரி 2015 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே நிறுவனம் திவாலாயிற்று. எஞ்சிய வழக்குகள் 2 கோடி டாலர் உடன்பாட்டில் முடிந்தன. இடையில் ஏழு ஆண்டுகள். வட்டிக் கடன் அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை.

ஆகவே, பணம் வாங்கப்பட்ட நாட்டில் உள்ள பரிகாரமும் முக்கியமாகிறது. இந்தியாவின் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவு பெறாத எவரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் திரட்டக் கூடாது. குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் அமெரிக்கா இல்லை என்பதால், பதிவு விதியும் அங்குப் பொருந்தாது எனப் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. முகவர் பதிவு எல்லா நாடுகளுக்கும் பொருந்தும். சட்டத்தை மீறினால் இரண்டு ஆண்டுகள் வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. இலட்சக்கணக்கில் வாங்கியவருக்கு இந்த அபராதம் பெரிதன்று. ஏமாற்றிப் பணம் பறித்ததற்கு 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு ஏழு ஆண்டுகள் வரை சிறை விதிக்கிறது.

குடிபெயர்வுச் சட்டத்தின் 27-ஆம் பிரிவை அதிகாரிகள் கவனிக்க வேண்டும். வழக்குத் தொடர மத்திய அரசின் முன் அனுமதி தேவை என்பது பொது விதி. எனினும், பாதிக்கப்பட்டவரோ, அவர் சார்பில் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, மக்கள், உடன்பிறந்தோர் ஆகியோரில் ஒருவரோ புகார் கொடுத்தால் அந்த அனுமதி தேவையில்லை. அயல்நாட்டு முகாமில் இருப்பவர் திரும்பும்வரை காத்திராமல், முகவர் தந்த ரசீதுடன் அவருடைய மனைவியே புகார் தொடரலாம்.