தாமஸ் கோப்பையும் இந்திய இறகுப்பந்துக் குழுவும்

1980 மார்ச் மாதத்தில் பிரகாஷ் படுகோனே இந்தோனேசியாவின் லியெம் ஸ்வீ கிங்கை 15-3, 15-10 என்ற புள்ளிகளில் வென்று அகில இங்கிலாந்துப் பட்டத்தைப் பெற்றார். அந்நாளில் அப்பட்டத்திற்கு உலகப் பட்டத்திற்கு நிகரான மதிப்பு இருந்தது. 2001-ல் அதே பட்டத்தைப் புல்லேலா கோபிசந்த் வென்றார். ஆயினும் ஆண்கள் குழுக்களுக்கான உலகப் போட்டியாகிய தாமஸ் கோப்பையை இந்தியா முதன்முறையாகக் கைப்பற்றியது 2022 மே 15 அன்றுதான். கோப்பைக்கான முதல் போட்டி 1948-49-ல் நடந்தது. அதிலிருந்து கணக்கிட்டால் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரரை ஒரு காலத்தில் பெற்றிருந்த நாட்டிற்குக் குழு வெற்றி இவ்வளவு தாமதமானது ஏன் என்பது ஆராயத்தக்கது.

விடையின் பெரும்பகுதி போட்டியின் அமைப்பிலேயே இருக்கிறது. சர்வதேச இறகுப்பந்துச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் தாமஸ் 1939-ல் அளித்த கோப்பை இது. போர் காரணமாகப் போட்டி தள்ளிப்போயிற்று. தொடக்கத்தில் இரு நாடுகளுக்கு இடையே ஒன்பது ஆட்டங்கள் நடைபெற்றன. அவற்றுள் ஐந்து ஒற்றையர் ஆட்டங்கள். நான்கு இரட்டையர் ஆட்டங்கள். 1984 முதல் அவை ஐந்தாகக் குறைக்கப்பட்டன. மூன்று ஒற்றையர், இரண்டு இரட்டையர். மூன்று ஆட்டங்களில் வெல்லும் நாடு வெற்றி பெறும். ஒருவர் எவ்வளவு வல்லவராயினும் ஒற்றையர் பிரிவில் ஒரு முறைதான் களமிறங்க முடியும். ஆகவே அவரால் தம் நாட்டிற்கு ஒரு வெற்றியைத் தேடித்தர முடியும். இரட்டையரிலும் ஆடினால் இரண்டு. மீதமுள்ளவற்றை மற்றவர்கள்தாம் பெற்றுத்தர வேண்டும். எனவே நாட்டின் முதல் ஆட்டக்காரர் யார் என்பதைக் காட்டிலும், மூன்றாவது ஒற்றையர் ஆட்டக்காரர் யார், இரண்டாவது இரட்டையர் இணை எது என்ற கேள்விகளே குழுப் போட்டியின் முடிவைப் பெரிதும் தீர்மானிக்கின்றன.

லாகூரும் பம்பாயும்

இந்த ஆட்டம் நம் நாட்டிற்குப் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டில் புனேயில் தங்கியிருந்த ஆங்கிலேயப் படை அதிகாரிகள் இதை ஆடி வந்தனர். இங்கிலாந்தில் அதற்குப் பூனா என்ற பெயரும் சிறிது காலம் வழங்கியது. (தஞ்சை அரச குடும்பத்தாரிடையே அதே நூற்றாண்டில் தோன்றியதாகக் கூறப்படும், கம்பளி நூற்பந்தைக் கொண்டு ஆடும் பூப்பந்து, இதன் உறவினர் எனலாம். தமிழில் இரண்டையும் ஒரே பெயரால் குறிப்பிடும் குழப்பம் இன்றும் உண்டு.) இந்திய இறகுப்பந்துச் சங்கம் 1934-ல் அமைக்கப்பட்டது.

விடுதலைக்குச் சில மாதங்கள் முன்பு, 1947 மார்ச்சில், பிரகாஷ் நாத், தேவிந்தர் மோகன் ஆகிய இருவர் அகில இங்கிலாந்துப் போட்டிக்குச் சென்றனர். கால் இறுதியில் இருவரும் ஒருவரையொருவர் சந்திக்க நேர்ந்தது. தம்முள் மோதிக் களைத்துப் போவதைவிட நாணயத்தைச் சுண்டி முடிவு செய்வதே மேல் என்று இருவரும் தீர்மானித்ததாகச் சொல்வார்கள். முன்னேறிய பிரகாஷ் நாத் இறுதி ஆட்டம் வரை சென்று ஸ்வீடனின் கோனி யெப்சனிடம் தோற்றார். அந்நாளில்தான் தம் ஊரான லாகூர் கலவரத்தில் எரியும் செய்தி அவரை எட்டியிருந்தது. பின்னர் அவர் ஆட்டத்தையே கைவிட்டார். பஞ்சாபின் இறகுப்பந்து மையமாக விளங்கிய லாகூரும் பிரிவினையால் இந்தியாவிற்கு இல்லாமல் போயிற்று.

இவ்விழப்பிற்குப் பிறகும் 1950-களின் குழு வலிமையாகவே இருந்தது. தேவிந்தர் மோகன், திரிலோக் நாத் சேத், அம்ரித் திவான், நந்து நடேகர் ஆகியோர் ஒற்றையர் ஆட்டத்திலும், மனோஜ் குஹா, கஜானன் ஹெம்மாடி போன்றோர் இரட்டையர் ஆட்டத்திலும் பெயர் பெற்றிருந்தனர். 1952-ல் டென்மார்க்கை வென்ற இந்தியா, மண்டலங்களுக்கு இடையிலான இறுதிப் போட்டியில் அமெரிக்காவிடம் 4-5 என்ற கணக்கில் தோற்றது. கோப்பையை வைத்திருந்த மலாயா அறைகூவும் நாட்டிற்காகக் காத்திருந்த முறை அது. இன்னும் ஓர் ஆட்டத்தில் வென்றிருந்தால் இந்தியா கோப்பைக்காகவே மலாயாவுடன் மோதியிருக்கும். 1955-ல் அமெரிக்காவை வென்று, டென்மார்க்கிடம் தோற்றது. இந்தியா கோப்பைக்கு மிக அருகில் சென்ற காலம் இதுதான் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம்.

1951 முதல் 1963 வரை தாமஸ் கோப்பையில் ஆடிய நடேகர், 16 ஒற்றையர் ஆட்டங்களில் 12-ஐ வென்றார். 16 இரட்டையர் ஆட்டங்களிலோ 8-ஐத்தான் வெல்ல முடிந்தது. 1956-ல் மலாயாவில் நடந்த சிலாங்கூர் சர்வதேசப் போட்டியில் பட்டம் பெற்றவர் அவர். 1961-ல் அர்ஜுனா விருது தொடங்கப்பட்டபோது இறகுப்பந்திற்கு முதலில் அதைப் பெற்றவரும் அவரே. அத்தகையவரின் கணக்கிலேயே இந்த வேறுபாடு காணப்படுவது கவனிக்கத்தக்கது.

மண்டபமும் மைதானமும்

இறகுப்பந்து பதினாறு இறகுகள் செருகப்பட்ட, ஏறத்தாழ ஐந்து கிராம் எடையுள்ள பொருள். சிறு காற்றும் அதன் போக்கை மாற்றிவிடும். ஆகவே உயர்ந்த கூரையும் அடைத்த சுவர்களும் கொண்ட உள்ளரங்கம் இன்றியமையாதது. நம் நாட்டில் அத்தகைய அரங்குகள் நெடுங்காலம் அரிதாகவே இருந்தன. பிரகாஷ் படுகோனே சிறுவனாகப் பயின்ற இடம் பெங்களூரில் அவர் வீட்டருகே இருந்த கனரா யூனியனின் திருமண மண்டபம். பள்ளி விட்டதும் மண்டபத்தில் விழா ஏதேனும் உண்டா என்று பார்த்து, இல்லாவிட்டால் ஓடிச் சென்று ஆடுவது வழக்கம் என்று அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். முகூர்த்த நாட்கள் மிகுந்த மாதங்களில் இந்தியாவின் வருங்கால வீரர் பயிற்சி இல்லாமல் இருந்திருப்பார்! உயர்நிலைப் பயிற்சிக்கு அவர் டென்மார்க் சென்று அந்நாட்டு வீரர்களுடன் ஆட வேண்டியிருந்தது.

அரசின் பெரு முதலீடுகளுள் ஒன்று 1982-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுகளுக்காக தில்லியில் எழுப்பப்பட்ட இந்திரப்பிரஸ்த உள்ளரங்கம். அவ்விளையாட்டுகளில் ஆண்கள் குழு, பெண்கள் குழு இரண்டும் வெண்கலப் பதக்கம் பெற்றன. 1974-ல் டெஹ்ரானிலும் 1986-ல் சியோலிலும் ஆண்கள் குழுவிற்கு வெண்கலம் கிடைத்தது. தாமஸ் கோப்பையில் 1979-ல் மீண்டும் அரை இறுதி வரை சென்று டென்மார்க்கிடம் தோற்றோம். அதன் பிறகு இந்தியா அரை இறுதியை எட்ட நாற்பத்து மூன்று ஆண்டுகள் பிடித்தன. சீனா 1982-ல் முதன்முறையாகப் பங்கேற்று அவ்வாண்டே கோப்பையை வென்றது. தென் கொரியாவும் எழுந்தது. ஆசியாவிலேயே நம் இடம் பின்தள்ளப்பட்டது. பிரகாஷ் படுகோனேயும் சையத் மோடியும் தனிப்பட்ட முறையில் புகழின் உச்சியில் இருந்த ஆண்டுகள் இவை.

பயிற்சி நிலையங்களை அமைப்பதில் முன்னாள் வீரர்களின் பங்கு பெரிது. பிரகாஷ் படுகோனேயின் பயிற்சிக் கழகம் 1994-ல் பெங்களூரில் தொடங்கியது. கோபிசந்த் ஆந்திர அரசு அளித்த நிலத்தில், தம் வீட்டையும் அடகு வைத்து, ஐதராபாத்தில் 2008-ல் தம் கழகத்தைத் திறந்தார். சாய்னா நேவால், பி. வி. சிந்து, கிதம்பி ஸ்ரீகாந்த் ஆகியோர் ஐதராபாத்தில் பயின்றவர்கள். அல்மோராவைச் சேர்ந்த லக்ஷ்யா சென் பெங்களூரில் பயின்றவர். ஒரே கூரையின் கீழ்ப் பல களங்களும், நாள்தோறும் தமக்கு ஈடான எதிரிகளும் இருந்தமையால் இரண்டாம், மூன்றாம் நிலை ஆட்டக்காரர்களும் உயர்ந்தனர். குழுப் போட்டிக்கு வேண்டியதும் இந்த அடர்த்தியே.

இரட்டையர் ஆட்டத்தின் சிக்கல்

ஒற்றையர் ஆட்டக்காரர் எங்கிருந்தும் தோன்றலாம். இரட்டையர் இணை அவ்வாறு தோன்றுவதில்லை. சர்வீஸ் எடுத்த மறுகணம் யார் வலையருகே செல்வது, யார் பின்களத்தில் நின்று ஓங்கி அடிப்பது, எதிரி தாக்கும்போது எப்படிப் பக்கவாட்டில் விரிந்து நிற்பது என்பவை பேசி முடிவு செய்யக்கூடியவை அல்ல. ஆண்டுக்கணக்கில் சேர்ந்து ஆடிப் பழகுவதால் வருபவை. ஒருவர் ஒரு மாநிலத்தில் ரயில்வேயிலும் மற்றவர் வேறொரு மாநிலத்தில் வங்கியிலும் பணியாற்றினால், போட்டிக்கு முந்தைய முகாமில்தான் இணை உருவாகும்; போட்டி முடிந்ததும் கலையும். புகழும் பரிசும் ஒற்றையர் பட்டத்தையே சூழ்ந்திருந்ததால், திறமையுள்ள இளைஞர் இரட்டையர் ஆட்டத்தை இரண்டாம் வாய்ப்பாகவே கருதினார். பெண்கள் பிரிவில் ஜுவாலா கட்டா, அஸ்வினி பொன்னப்பா இணை 2011-ல் உலகப் போட்டியில் வெண்கலம் பெற்று இந்நிலையில் ஒரு விரிசலை உண்டாக்கியது.

2015-ல் இரட்டையர் பயிற்சியாளராக மலேசியாவின் டான் கிம் ஹெர் நியமிக்கப்பட்டார். ஆந்திரத்தின் அமலாபுரத்தைச் சேர்ந்த சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டியையும் மும்பையைச் சேர்ந்த சிராக் ஷெட்டியையும் 2016-ல் இணைத்தவர் அவரே. இருவருமே உயரமானவர்கள், பின்களத்திலிருந்து ஓங்கி அடிப்பவர்கள். எனவே ஒருவர் வலையருகே ஆடக் கற்க வேண்டியதாயிற்று. சிராக் அதைக் கற்றார். இவ்விணை 2023 அக்டோபரில் உலகத் தரவரிசையில் முதலிடத்தைப் பெற்றது.

பாங்காக்கில்

2022 தாமஸ் கோப்பைப் போட்டியில் ஜெர்மனியையும் கனடாவையும் 5-0 என வென்று, சீன தைபேயிடம் 2-3 எனத் தோற்று, இந்தியா கால் இறுதிக்கு வந்தது. அதன்பின் மலேசியாவுடனும் டென்மார்க்குடனும் நடந்த இரு போட்டிகளும் ஒரே அச்சில் வார்த்தவை போன்றவை. இரண்டிலும் முதல் ஆட்டத்தில் லக்ஷ்யா சென் தோற்றார். சாத்விக்-சிராக் இணை சமன் செய்தது. ஸ்ரீகாந்த் முன்னிலை தந்தார். இரண்டாவது இரட்டையர் இணை தோற்றது. ஐந்தாவது ஆட்டத்தில் எச். எஸ். பிரணாய் வென்றார். டென்மார்க்கின் ராஸ்மஸ் கெம்கேயுடன் ஆடியபோது பிரணாய் வழுக்கிக் கணுக்காலைக் காயப்படுத்திக் கொண்டார். முதல் ஆட்டப்பகுதியை 13-21 என இழந்தவர், சிகிச்சை பெற்றுத் தொடர்ந்து ஆடி, அடுத்த இரண்டையும் 21-9, 21-12 என வென்றார். உலகின் தலையாய வீரரான விக்டர் ஆக்ஸெல்சனைத் தன்னிடம் வைத்திருந்தும் டென்மார்க் தோற்றது.

இறுதியில் எதிரி, பதினான்கு முறை கோப்பை வென்ற இந்தோனேசியா. இம்முறை லக்ஷ்யா சென் 8-21 எனத் தொடங்கி, பின் 21-17, 21-16 என ஆந்தனி கிண்டிங்கை வென்றார். முகமது ஆசன், கெவின் சஞ்சயா சுகமுல்ஜோ இணைக்கு எதிராக சாத்விக்கும் சிராகும் முதல் பகுதியை 18-21 என இழந்து, இரண்டாவதில் தோல்வியின் விளிம்பில் நான்கு புள்ளிகளைக் காத்து, 23-21, 21-19 என வென்றனர். ஸ்ரீகாந்த் ஜொனாதன் கிறிஸ்டியை 21-15, 23-21 எனத் தோற்கடித்தார். 3-0. மலேசியா, இந்தோனேசியா, சீனா, ஜப்பான், டென்மார்க் ஆகியவற்றிற்குப் பிறகு இக்கோப்பையை வென்ற ஆறாவது நாடு இந்தியா. கால் இறுதி முதல் மூன்று போட்டிகளிலும் முதல் இரட்டையர் இணை தன் ஆட்டத்தை வென்றது. மலேசியாவுடனும் டென்மார்க்குடனும் அந்த ஒரு வெற்றி இல்லாதிருந்தால் பிரணாய் ஐந்தாவது ஆட்டத்திற்கு வந்திருக்கவே மாட்டார்.

பெண்கள் குழுவின் வரலாறு தனியே எழுதத்தக்கது. ஊபர் கோப்பையில் 1957-லேயே இறுதிக் கட்டங்களுக்குச் சென்ற நம் குழு, 2014, 2016 ஆண்டுகளில் வெண்கலம் பெற்றது. 2024 பிப்ரவரியில் மலேசியாவின் ஷா ஆலமில் ஆசியக் குழுப் பட்டத்தை முதன்முறையாக வென்றது. அங்கு சீனாவுடனும், அரை இறுதியில் ஜப்பானுடனும், இறுதியில் தாய்லாந்துடனும் நடந்த போட்டிகள் ஒவ்வொன்றும் 3-2 என முடிந்தன. மூன்றிலும் ஐந்தாவது ஆட்டத்தை வென்றவர் பதினேழு வயது அன்மோல் கர்ப். ஒலிம்பிக் பதக்கங்கள் பெற்ற சிந்து குழுவில் இருந்தும், முடிவு கடைசி இடத்தில் ஆடிய சிறுமியின் கையில் இருந்தது.

ஆண்கள் குழுவில் அந்தக் கடைசி இடங்கள் இன்னும் உறுதிப்படவில்லை என்பதைப் பிந்தைய இரு தோல்விகள் காட்டின. 2023-ல் ஹாங்சௌ ஆசிய விளையாட்டுகளின் குழு இறுதியில் சீனாவுக்கு எதிராக லக்ஷ்யா சென்னும் சாத்விக்-சிராக் இணையும் வென்று 2-0 என இந்தியா முன்னணியில் இருந்தது. முதுகு வலியால் பிரணாய் ஆட முடியவில்லை. எஞ்சிய மூன்று ஆட்டங்களையும் இழந்து வெள்ளிப் பதக்கத்துடன் திரும்பியது. 2024-ல் சீனாவின் செங்டுவில் நடந்த தாமஸ் கோப்பையின் கால் இறுதியில் மீண்டும் சீனாவிடம் 1-3 எனத் தோற்றது. கிடைத்த ஒரே வெற்றி லக்ஷ்யா சென்னுடையது; இரட்டையர் ஆட்டங்கள் இரண்டும் சீனாவுக்கே சென்றன.