மருந்துக்கும் மன்றாட்டுக்கும் நடுவில்

ட்ரேசி பல்போனி என்ற புற்றுநோய் மருத்துவரும் அவரது குழுவினரும் அமெரிக்காவில் புற்றுநோய் முற்றிய 343 பேரின் கடைசி நாட்களை ஆராய்ந்து, 2013இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தங்கள் மதச் சமூகம் பெரிதும் துணை நின்றது என்று சொன்ன நோயாளிகள்தான் மற்றவர்களைவிட அதிகமாகக் கடைசி வாரத்தில் தீவிர சிகிச்சைக்கு ஆளாகியிருந்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே இறந்தவர்களும் அவர்களில் அதிகம். வலியைத் தணித்து அமைதியாக வழியனுப்பும் ஹாஸ்பைஸ் பராமரிப்பை நாடியவர்கள் குறைவு. ஆனால் அதே பக்தியாளர்களில், மருத்துவமனைக் குழுவும் தங்கள் ஆன்மிகத் தேவையைக் கவனித்தது என்று சொன்னவர்களிடம் இந்தப் போக்கு திரும்பியிருந்தது. அவர்கள் ஹாஸ்பைஸை அதிகம் நாடினார்கள், தீவிர சிகிச்சை குறைந்திருந்தது. இது நடந்ததைக் கவனித்துத் தொகுத்த ஆய்வு என்பதால், இதனால்தான் அது நடந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆயினும் நான் இதை இப்படித்தான் படிக்கிறேன்: வெளியிலிருந்து வரும் போதகர் நோயாளி குணமாக வேண்டும் என்று மன்றாடுகிறார். ஸ்கேனில் என்ன தெரிந்தது, அடுத்த சிகிச்சை எதைத் தரும், எதைப் பறிக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிய வழியில்லை. மருத்துவருக்கு அவை தெரியும். ஆனால் ‘கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டாரா’ என்று கேட்கும் நோயாளியிடம் உட்கார்ந்து பேச அவருக்கு நேரமும் இல்லை, பயிற்சியும் இல்லை. இரு பக்கமும் தெரிந்த ஒருவர் மருத்துவமனைக்குள்ளேயே, அதன் ஊழியராக, சிகிச்சைக் குழுவின் கூட்டங்களில் உட்காருபவராக இருக்க வேண்டும். சாப்ளைன் என்பவரின் இடம் அது.

இந்த வேலைக்கு முறையான பயிற்சி வேண்டும் என்ற எண்ணத்துக்கு வித்திட்டவர்களில் ஒருவர், நோயாளியாகப் படுக்கையில் கிடந்தவர். ஆன்டன் பாய்சன் ஒரு பிரெஸ்பிடேரியன் போதகர். 1920இல் கடும் மனநோய்க்கு ஆளாகி, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். தன் நோய்க்குள் ஓர் ஆன்மிகப் போராட்டமும் இருந்தது என்று அவர் உறுதியாக நம்பினார். 1924இல் வூஸ்டர் மனநல மருத்துவமனையில் சாப்ளைனாகச் சேர்ந்து, மறு ஆண்டு கோடையில் இறையியல் மாணவர்கள் சிலரை வார்டுகளுக்கு அழைத்துவந்தார். நூல்களிடம் கற்பதைப் போலவே நோயாளிகளிடமும் கற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அந்தக் கோடையில் தொடங்கியது இன்று பெரும் பயிற்சி முறையாக வளர்ந்திருக்கிறது. இப்பயிற்சியின் ஒரு கட்டம் என்பது குறைந்தது 400 மணி நேரம். அமெரிக்காவின் முக்கிய சாப்ளைன் சங்கத்தின் சான்றிதழ் பெற, முதுகலைப் பட்டத்தோடு நான்கு கட்டங்களை முடித்திருக்க வேண்டும். அதில் ஒரு பயிற்சி கடுமையானது. நோயாளியுடன் பேசியதை மாணவர் நினைவிலிருந்து வரிக்கு வரி எழுதி, ஆசிரியரும் சக மாணவர்களும் இருக்கும் குழுவில் வாசிக்க வேண்டும். அவர் அழத் தொடங்கியதும் நீ ஏன் பேச்சை மாற்றினாய்? அவர் கேட்காதபோது ஏன் ஜெபம் செய்தாய்? அது யாருடைய பயத்தைத் தணிக்க? இப்படித் துருவிக் கேட்பார்கள். நல்ல எண்ணம் மட்டும் போதும் என்று நினைத்து வருகிறவர்கள் இந்த அறையில்தான் கேட்கக் கற்றுக்கொள்கிறார்கள்.

பிரார்த்தனையால் நோய் குணமாகுமா, ஆகாதென்றால் சாப்ளைனுக்கு எதற்குச் செலவு என்பது நியாயமான கேள்வி. 2006இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேரிடம் இதைச் சோதித்தது. முன்பின் அறியாதவர்கள் செய்த பிரார்த்தனையால் பின்விளைவுகள் குறையவில்லை. தமக்காகப் பிரார்த்திக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தவர்களில் 59 சதவீதம் பேருக்கு அவை ஏற்பட்டன, இது மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல். இந்த முடிவை மழுப்பாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும். அது சாப்ளைனின் தேவையைக் குறைத்துவிடுவதுமில்லை. நோயைக் குணமாக்குவது அவர் பொறுப்பாக இருந்ததே இல்லை. லண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பைஸைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ், சாகக் கிடப்பவரின் வலியில் உடல், மனம், உறவு, ஆன்மா நான்கும் பின்னிக் கிடப்பதாக விளக்கினார். மார்ஃபின் எட்டாத வலியும் உண்டு என்பதை அவர் மருத்துவராகவே சொன்னார்.

செலவு பற்றிய கேள்வியைவிடக் கூர்மையானது மதமாற்ற அச்சம். எழுந்து போகவும் முடியாமல் படுத்திருப்பவரிடம் வேற்று மதத்தார் ஒருவர் வந்து பேசுவது என்றால் குடும்பத்தார் கலங்கத்தான் செய்வார்கள். அந்த அச்சத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. பயிற்சி பெறாத தன்னார்வலர்களை வார்டுக்குள் விடுவதைவிட, நெறிமுறைக்குக் கட்டுப்பட்ட ஊழியரை வைத்திருப்பதே அதற்குப் பாதுகாப்பு என்பேன். தன் நம்பிக்கையை நோயாளிமீது திணிக்கக் கூடாது என்பது இத்தொழிலின் அடிப்படை விதி. மீறினால் சான்றிதழையே இழக்க நேரிடலாம். மற்ற மதங்களின் சடங்கைச் சாப்ளைன் தானே செய்வதில்லை. செய்யத் தக்கவரை வரவழைக்கிறார், வழியைத் திறந்துவிடுகிறார். வாய்வழி எதுவும் தரக் கூடாது என்று உத்தரவிருக்கும்போது சாகும் தறுவாயில் இருக்கும் தாய்க்கு ஒரு சொட்டு துளசித் தீர்த்தம் விடலாமா என்று தாதியிடம் பேசுவது, ஆக்ஸிஜன் ஓடும் அறையில் விளக்குக்குப் பதில் மின்விளக்கு ஏற்பாடு செய்வது, முஸ்லிம் நோயாளியின் கட்டிலைத் தொழுகைத் திசையான கிப்லாவை நோக்கித் திருப்புவது எல்லாம் இந்த வேலையில் சேரும். மதமே வேண்டாதவர்களுக்கும் இடமுண்டு. நெதர்லாந்தின் மருத்துவமனைகளில் மதம் சாராத மனிதநேய ஆலோசகர்கள் இதே பணியைச் செய்கிறார்கள். சாவுக்கு அஞ்சுவதற்கும், ஒரு மகனிடம் மன்னிப்புக் கேட்க ஏங்குவதற்கும் கடவுள் நம்பிக்கை தேவையில்லை.

உண்மையான குறை முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இருக்கிறது. அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு ஹாஸ்பைஸுக்குப் பணம் தரும்போது ஆன்மிக ஆலோசனையையும் அளிக்கச் சொல்கிறது. ஆனால் நோய் இயல்பாகப் போனால் ஆறு மாதமோ அதற்குக் குறைவாகவோதான் ஆயுள் என்று மருத்துவச் சான்று தந்தால்தான் அந்த உதவிக்கு ஒருவர் தகுதி பெறுகிறார். மறதி நோயோடும் தனிமையோடும் ஒரே அறையில் ஆண்டுக்கணக்கில் வாழும் முதியவருக்கு அப்படியொரு உத்தரவாதம் இல்லை. இல்லம் தானாகவே ஒரு சாப்ளைனை வைத்திருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. கணவர் போனபின், பிள்ளைகள் தொலைவில் இருக்க, ‘இன்னும் ஏன் உயிரோடு இருக்கிறேன்’ என்ற கேள்வி அங்கே சாவுக்கு ஆறு மாதம் முன்பு முளைப்பதில்லை. சேர்ந்த முதல் வாரத்திலேயே வந்துவிடலாம். உணவுக்கும் மருந்துக்கும் விதி எழுதும் அரசு, இதற்கும் ஆறு மாதக் கெடு பாராமல் விதி எழுத வேண்டும்.